மூன்றாவது சரணம்

போன ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனின் டேப் ரெக்கார்டரில் ஏதோ வெள்ளைக்காரப் பாட்டு. கித்தார் அலறுகிறது, டிரம்ஸ் கிழிகிறது.

"மாமா, இவனுக எல்லாம் ஃபேக்டரித் தொழிலாளிக வீட்டுப் பிள்ளைக. ஷிஃப்ட்டு, சம்பளம், லே-ஆஃப்புன்னு இதைத்தான் பாடுறானுக. நம்ம ஊர்ல இப்படி ஒரு பேண்ட் உண்டா?"

உண்டாவாம்! எனக்குச் சுருக்கென்றது. உன் மாமனை யாரென்று நினைத்தாய்?

பத்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் டைப்ரைட்டிங் வாத்தியார். சாயங்காலமானால் கித்தார். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான், ஒரு அக்கார்டியன், ஒரு பாங்கோஸ். பாட்டுக்கு மாடசாமி. அவன் ஒரு நூல் மில்லில் பதிலி. அதாவது, தினமும் காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வேலைக்கு வராவிட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் வந்த வழியே வீட்டுக்கு. இப்படியே ஏழு வருடம்!

எல்லாக் குழுவும் சினிமாப் பாட்டு பாடும். நாங்களும்தான். ஆனால் நடுவில் மாடசாமி சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்று வரும். முதல் சரணத்தில் மில் சங்கு. இரண்டாவதில் தலைமுடியில் ஒட்டிய பஞ்சு. மூன்றாவதுதான் வில்லங்கம் -

"காரைத் துடைச்சவன் உள்ள போனான்
கையைக் கட்டி நின்னவன் வீடு போனான்"

காலையில் மேனேஜர் காரைத் துடைக்கிற பதிலிக்கு அன்றைக்கு வேலை நிச்சயம். ஊரறிந்த சங்கதி. அந்த வரி வந்தால் விசில் பறக்கும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மில்லிலேயே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். மெஷின்களுக்கெல்லாம் பொட்டும் மாலையும். தொழிலாளிகள் குடும்பத்தோடு தரையில். முன்வரிசை நாற்காலியில் மேனேஜர், பக்கத்தில் கருப்பையா மேஸ்திரி. அடுத்த திங்கட்கிழமை நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் ஒட்டப்போகிறார்கள். மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"மூணாவதை மட்டும் விட்டுருடா" என்றேன்.

"பாட்டே வேணாம்ணே. ஏழு வருசம் நின்னாச்சு..." மாடசாமியின் முகம் வெளுத்திருந்தது.

கூட்டம் விடுமா? "நம்ம பாட்டு! நம்ம பாட்டு!" என்று ஒரே கூச்சல். வேறு வழியில்லை, ஆரம்பித்தோம். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அப்படியே முடித்துவிடலாம் என்று பார்த்தால் பின்னாலிருந்து ஒரு குரல் -

"மூணாவது எங்கப்பா? பயந்துட்டியா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு சரணம் இருக்கா? பாடட்டுமே" என்று சிரித்தார். மனுஷனுக்கு விஷயமே தெரியாது!

பாடினால் பட்டியல் போச்சு. பாடாவிட்டால் நாளைக்கு எந்த மூஞ்சியோடு கேட்டில் போய் நிற்பது? அக்கார்டியன்காரர் அதே இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

மாடசாமி மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். வாயைத் திறந்தான். பாடினான்... சத்தமே இல்லாமல்! உதடு மட்டும் அசைகிறது.

நூல் மில்லுக்குள் போயிருக்கிறீர்களா? மெஷின் ஓடும்போது காதில் வந்து கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் உதட்டில்தான். தூரத்தில் நிற்கிறவனின் உதட்டைப் பார்த்தே அவன் வீட்டுக் கதை பூராவும் கேட்டுக்கொள்வார்கள். ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்கு அந்தப் பாஷை தெரியாது.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரிப்பும் கைதட்டலும்.

"மைக் போச்சா? எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று மேனேஜர் மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி அதே மெஷினில் நின்று மேலே வந்தவர். ஒரு எழுத்து விடாமல் படித்திருப்பார். அவர் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை. மாடசாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். மைக்குதான்" என்றார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. மாடசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை பட்டியலில் அவன் பெயர் இருந்தது. கடைசிப் பெயர். ஆனால் அதற்கப்புறம் எந்த மேடையிலும் அவன் மூன்றாவது சரணத்தைப் பாடவில்லை. வேலை நிரந்தரமானதும் துரைக்குப் பயம் வந்துவிட்டதாக்கும் என்று எனக்குக் கோபம். சோழவந்தான் கச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"மேனேஜர்கிட்ட அம்புட்டுப் பயமாடா?"

"அவரு கெடக்காருண்ணே. அன்னைக்கு மேஸ்திரி என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்தக் காரை நாலு வருசம் துடைச்சவன் நாந்தாண்டா. வீட்ல மூணு பிள்ளைக'ன்னாரு."

தொழிலாளி பாட்டு, தொழிலாளி பாட்டு என்று பீற்றிக்கொண்டோமே... அந்த மூன்று பிள்ளைகளை நாங்கள் பாடவே இல்லை.