இருட்டாத ஊருக்கு இரண்டு டிக்கெட்

கடை போர்டில் எலக்ட்ரீஷியன் என்று எழுதியிருந்தாலும் தெருவுக்கு அவர் லைட்டுக்காரர்தான். ஃபேன் ஓடாவிட்டாலும் லைட்டுக்காரர், மோட்டார் இழுக்காவிட்டாலும் லைட்டுக்காரர். கடை உண்டு, வீடு உண்டு என்று காலம் தள்ளிய மனுஷன், அறுபது வயதை நெருங்கும்போது திடீரென்று ஐஸ்லாந்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். அந்த ஊரில் ஃப்ரிட்ஜ் ரிப்பேராகிவிட்டதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். லைட்டுக்காரர் தானும் சேர்ந்து சிரித்துவைத்தார். காரணத்தைச் சொன்னால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும் என்பதால் சொல்லவில்லை.

காரணம் அவர் மனைவி. அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. காலையில் ஒரு குறையும் தெரியாது. துணி மடிப்பாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், அவர் சட்டைப் பையில் ஸ்க்ரூ கிடந்தால் திட்டக்கூடத் திட்டுவாள். சாயங்காலம் வந்ததோ, போச்சு. ஜன்னலில் வெளிச்சம் குறையக் குறைய அவள் முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிடும். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுப்பாள். "நேரமாச்சு, நேரமாச்சு" என்பாள். எதற்கு நேரமாச்சு என்று கேட்டால் அழுகைதான் பதில்.

பிறந்த வீட்டுக்குப் போக நினைக்கிறாள் என்பது வெளியூரில் இருக்கும் மகளின் கட்சி. இந்த வியாதிக்கு வெளிச்சம் மங்கும் நேரம்தான் ஆகாது, இருட்டைக் கண்டால் பயம் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைட்டுக்காரர் வீடு முழுக்க விளக்கு மாட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாக இருட்டு எட்டிப் பார்க்கத்தானே செய்யும்? மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வயரிங் வேலைக்குப் போனார். சுவரில் பெரிய படம் ஒன்று, பச்சை மலையும் வெயிலும். நடுராத்திரியில் எடுத்த படம் என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். ஐஸ்லாந்தில் ஜூன் மாதம் முழுக்க இருட்டே கிடையாதாம். சூரியன் பேருக்கு மறைந்துவிட்டு உடனே திரும்பி வந்துவிடுமாம். லைட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். உண்மைதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் அவள் பயமில்லாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. அன்றைக்கே இரண்டு பேருக்கும் டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே ஒழிய, அதற்கப்புறம் தூக்கம் போயிற்று. ஏர்போர்ட்டில் சோதனைக்கு ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் நிறுத்தினால்? பெண்கள் பாத்ரூமுக்குள் போனவள் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டால்? விமானம் மாறும் இடத்தில் கையை உதறிக்கொண்டு நடந்துவிட்டால்? அவள் உடுப்புகளின் உட்பக்கத்தில் தன் போன் நம்பரைத் தைத்துவைத்தார். விமானத்துக்குள் ராத்திரி விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, வேர்த்துக் கொட்டியது. ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவருக்கு அந்த ஒரு விளக்கின் சுவிட்ச் எட்டாது.

மகள் போனில் பொரிந்து தள்ளினாள். பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப் போனாலே அம்மா மிரள்கிறாள், இதில் கடல் தாண்டிப் போகணுமா என்றாள். கடைசியில் அழுதுகொண்டே, "அங்க போயும் அம்மா இதே மாதிரி இருந்தா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். டிராவல்ஸ் பெண்ணோ, நாளைக்குச் சாயங்காலத்துக்குள் உறுதி சொல்லாவிட்டால் டிக்கெட் கையை விட்டுப் போய்விடும் என்று சொல்லியிருந்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்படைப்பது அவர் வழக்கமில்லை. மறுநாள் கடையைத் திறக்கவில்லை. கூடத்து ஜன்னல்களைக் கறுப்பு அட்டையால் இடுக்கு விடாமல் அடைத்தார். கூரையில் வரிசையாகப் பேனல் விளக்குகளை மாட்டி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தபடி வேடிக்கை பார்த்தாள். வேலை முடிந்தபோது கூடத்துக்குள் பட்டப்பகல். ஐஸ்லாந்து அந்த வீட்டுக்கே வந்துவிட்டது.

வழக்கமாக அவள் எழுந்து நடக்கும் நேரம் வந்தது. நடக்கவில்லை. துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். லைட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. உறுதி சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஏங்க, மணி என்ன?" என்றாள்.

மத்தியானம்தான் என்றார். சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் மத்தியானம்தான். அதற்கடுத்த முறை கேட்கும்போது மடிப்பதை விட்டுவிட்டாள். துணி மடியிலிருந்து சரிந்து விழுந்தது. இதுவரை அவர் பார்க்காத பயம் அது. தாழ்ப்பாளுக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல் விளக்குகளையே அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னிக்குப் பொழுதே சாயலையே. பொழுது சாஞ்சாத்தானே அவரு வருவாரு?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. வேலைக்குப் போயிருக்காரு. அவரு வர நேரமாச்சு."

லைட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'ஏங்க' என்பது பொல்லாத சொல். கட்டின புருஷனையும் அப்படிக் கூப்பிடலாம், வழியில் போகிறவனையும் அப்படிக் கூப்பிடலாம். அவள் 'ஏங்க' என்ற சாயங்காலங்களில் எல்லாம் அவர் புருஷனாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் வாசலில் வந்து நின்றவள், இப்போதும் நிற்கத்தான் பார்த்திருக்கிறாள். அதைத்தான் அவர் தாழ்ப்பாள் போட்டுத் தடுத்திருக்கிறார். தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

எழுந்து விளக்குகளை அணைத்தார். ஜன்னல் அட்டைகளைக் கிழித்தார். வெளியே மிச்சமிருந்த மங்கல் உள்ளே வந்தது. முன்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, பின்கட்டு வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் தட்டினார். திறப்பாளோ மாட்டாளோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டார்.

கதவு திறந்தது. "வந்துட்டீங்களா?" என்றாள். முகத்தில் பயம் மருந்துக்குக்கூட இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள ஒருத்தரு லைட் மாட்டிக்கிட்டு இருக்காரு. நல்ல மனுஷன்தான். ஆனா ரொம்ப நேரமா இருக்காரு, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அனுப்பிடுங்க."

அனுப்பிவிடுகிறேன் என்று உள்ளே போனார். டிராவல்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டு, டிக்கெட் வேண்டாம்மா என்று சொன்னார். திரும்பி வந்தபோது அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு நன்றாக இருட்டிவிட்டிருந்தது.

"அனுப்பிட்டீங்களா? எங்க போறாராம்?"

"ஐஸ்லாந்துக்கு."

"தூரமா?"

"ரொம்ப தூரம். அங்க இருட்டவே இருட்டாதாம்."



"அய்யோ பாவம். அப்ப அந்த மனுஷன் எப்பதான் வீட்டுக்குப் போவாரு?" என்றாள்.