ஹெலிகாப்டரில் விட்டுக்கொடுத்த சீட்டு

ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் வேலை பார்த்த மேரி, அந்தமானில் ஒரு கடைக்கோடித் தீவுக்காரி. அப்பாவைப் பார்க்கப் பத்து நாள் லீவு கேட்டாள்.

“பெங்களூர்ல ஃபிளைட் ஏறினா அன்னைக்கே அந்தமான். அஞ்சு நாள் போதும்மா,” என்றேன்.

“அங்கிருந்து எங்க தீவுக்கு கவர்மெண்ட் ஹெலிகாப்டர் சார். டிக்கெட் கம்மிதான், சீட்டுதான் கஷ்டம்.”

வேப்பனப்பள்ளிக்கு பஸ் ஏறினால் வீடு போய்ச் சேரும் எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. ஐந்து நாள்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வந்து நின்றாள். மெமோவை நீட்டினேன். அது ஃபைலில் ஏறினால் வேலை நிரந்தரமாகாது.

“சீட்டு கிடைக்கலையாக்கும்?” என்றேன் நக்கலாக.

“திரும்புற அன்னைக்கு ஏறி உட்கார்ந்துட்டேன் சார். பிரசவ வலியோட ஒரு அக்காவைத் தூக்கிட்டு வந்தாங்க. இறங்கிட்டேன். அப்புறம் ஒரு வாரம் மழை, ஹெலிகாப்டர் பறக்கல. முன்னாடி ஒரு தடவை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப யாரோ இப்படி இறங்கினதாலதானே அவரு பொழைச்சாரு?”

சொல்லிவிட்டு, மெமோவில் கையெழுத்துப் போட என்னிடமே பேனா கேட்டாள். பேனாவைக் கொடுக்கவில்லை, மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யார் லீவு கேட்டாலும், எத்தனை நாள் என்பதைப் பிறகுதான் கேட்கிறேன். முதல் கேள்வி, “ஊருக்கு எப்படிப் போவீங்க?”