அக்கரைக்குத் தள்ளின பிரேதம்

மகள் என்னைத் தேம்ஸ் கரையிலை ஒரு பழைய சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனவள். அங்கை பாதிரியார் ஒரு பொம்பிளை, என்னைவிட வாய்க்காரி. அவ இங்கிலிசிலை சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள்:

"முந்தி ஆத்திலை பிரேதம் ஒதுங்கினா இந்தச் சேர்ச்சுத்தான் தன்ரை காசிலை புதைக்கவேணுமாம். அதாலை தடியாலை அக்கரைக்குத் தள்ளிவிடுவினமாம், அம்மா."

வெள்ளைக்காரரும் எங்கடை ஆக்கள்தான் எண்டு சிரிச்சன். ஆத்துச் சேத்து மணம் மூக்கிலை ஏற, சிரிப்பு நிண்டுட்டுது.

எனக்கு அப்ப ஏழு வயசு. எங்கடை பரவைக்கடல்லை ஒரு பிரேதம் குப்புற மிதந்து வந்தது. ஊர் அதிகாரி விதானையார் அறிஞ்சால் பொலிஸ், கோடு கச்சேரி எண்டு ஊரே அலையவேணும், தொழிலுக்குப் போகேலாது. என்னைப் பெத்த அப்பு பிரட்டியும் பாக்காமல் தோணித் தடியாலை அயலூர்ப் பக்கம் தள்ளினார். அதின்ரை கையிலை மஞ்சள் நூல் கிடந்ததை நான் கண்டன். கடலுக்குப் போய் நாலு நாளாத் திரும்பாத சின்னமாமாவுக்கு, தன்ரை தம்பிக்கு, அம்மா கட்டிவிட்ட நூல்.

"ஆரப்பா அது?" எண்டு வீட்டிலை அம்மா அப்புவைக் கேட்டா.

"ஆரோ அயலூரான். நீ சோத்தைப் போடு."

ஓயாமல் அலட்டுற நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை. அம்மா சாகுமட்டும் தம்பிக்கெண்டு ஒரு கோப்பை சோறு மூடி வைச்சவ.

"அக்கரையார் புதைச்சவையோ எண்டு கேள், பிள்ளை," எண்டன்.

மகள் கேட்டுப்போட்டுச் சிரிச்சாள். "அவையும் தள்ளிவிடுவினமாம் அம்மா, கடல் போய்ச் சேருமட்டும்."