விஜயன் அண்ணன் துணி

"தங்கச்சி, அந்த வெள்ளைத் துணி வீட்டுல கிடக்கா?"

சாயங்காலமானால் எங்கள் தீவின் மரைன் ஹில் ஏற்றத்தில் இந்தக் குரல் கேட்கும். விஜயன் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் பிளாஸ்டிக் பைகள். துணி கிடைத்தால் முதலில் அதன்மேல் தண்ணீரை ஊற்றி நன்றாக நனைப்பார். பிறகுதான் தொடுவார். ஒரு பைக்குள் இன்னொரு பை வைத்து, அதில் போட்டு இறுகக் கட்டுவார். உதறவே கூடாது என்பார், கேட்காதவர்களிடமும்.

ஹேடோ துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. பழைய கப்பல்களின் எஞ்சின் அறைக் குழாய்களைப் பிரிக்க வேண்டும். கூரைக்குப் போடுகிறார்களே, அதே ஆஸ்பெஸ்டாஸில் நெய்த துணியைத்தான் அந்தக் காலத்தில் சூடான குழாய்களுக்குச் சுற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் அதில் நல்ல துண்டுகளாக வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். தீப்பிடிக்காது, கை சுடாது. சட்டி இறக்க வேறென்ன வேண்டும்? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். புதுக்குடித்தனம் என்றால் கேட்காமலே கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'விஜயன் அண்ணன் துணி' என்றே பெயர். கொடுக்கும்போது மனுஷன் முகத்தில் அப்படியொரு பெருமை.

இப்போது அவர் மனைவி சுகுணாவால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடியவில்லை. அடுப்படியில் அந்தத் துணி. துவைக்கிற கல்லில் அவருடைய வேலைச் சட்டை. வருஷக்கணக்காக அவள் அதை உதறி உதறித் துவைத்தாள். கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நெஞ்சில் புற்று என்றார்கள். குழாய் பிரித்தவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு முகமூடி கொடுத்திருந்தார்களே!

டாக்டர் சொன்னதை விஜயன் ஒருமுறை என்னிடம் சொன்னார். "அந்தத் தூசி உள்ள போயி குத்திக்கிட்டே இருக்குமாம், சார். அடிபட்ட செல்லு, 'நீ செத்துப்போ'ன்னு தனக்கே மெசேஜ் குடுத்துச் செத்துருமாம். உடம்புக்கு அதுதான் நல்லதாம். வருசக்கணக்கா குத்துனா அந்த மெசேஜ் போற லைனே கட். நம்ம ஊரு நெட்டு கணக்கா. சாக வேண்டியது சாகாம பெருகிக்கிட்டே போகுது. க்யா கரேகா, என்ன பண்றது?" சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

கேட்டால் எல்லோரும் தந்துவிடுகிறார்களா என்ன? பக்கத்துத் தெரு ஜம்புலிங்கம் சிரிக்கிறார். "அரே, எரியாத துணிய்யா இது! குடுத்ததைத் திரும்பக் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்." விஜயன் வாதாடுவதில்லை. மறுநாள் மறுபடி அதே வாசலில் நிற்பார். கட்டிய பைகளை வாங்கிக்கொள்ள எந்த ஆபீசிலும் ஆளில்லை. குளியலறைக்குப் பின்னால் ஒரு டிரம்மில் போட்டு மூடி வைத்திருக்கிறார். பார்க்கிற எனக்கே அலுத்துப்போகிறது.

"விட்டுருங்களேன். தெரிஞ்சா குடுத்தீங்க?" என்று சுகுணா மூச்சு வாங்கச் சொல்லும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நேற்று ஜஸீலா வீட்டுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். துணி அடுப்புப் பக்கம் ஆணியில் தொங்கியது.

"எடுத்துக்குங்கண்ணே. மதினிக்கு இப்பப் பரவாயில்லையா?"

"இருக்கா."

நனைத்து, பையில் போட்டு, கட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். உள்ளே ஜஸீலாவின் சின்ன மகள் அஃப்ஷீன் இருமினாள்.

"மிளகா வறுத்தேன்ணே, அந்த நெடி" என்றாள் ஜஸீலா.

விஜயன் தலையாட்டினார். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே நின்றார், அடுத்த இருமல் வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி.