மாப்பிள்ளை சாப்பிடவில்லை

எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்த ஆறு மஞ்சள் சிக்லிட் மீன்களில் ஒன்றுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். அதன் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற துடுப்பில் முட்டை மாதிரி உருண்டையாக இரண்டு புள்ளிகள் உண்டு. முட்டைப்புள்ளி இருந்தால் ஆண், இதில் பேச ஒன்றுமில்லை என்பார். ராஜபாளையத்தில் பாதிப் பேருக்கு மோட்டார் காயில் கட்டிக் கொடுத்தவர், அவருக்குத் தெரியாதா என்று நானும் விட்டுவிட்டேன். ஆணோ பெண்ணோ, வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறவள் நான்தானே.

முன்பெல்லாம் அதையும் அவரே செய்துகொண்டிருந்தார். போன வருசம் வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபிறகு எல்லாம் என் தலையில். பேச்சு போகவில்லை, அது ஒன்று மிச்சம். கட்டிலில் உட்கார்ந்தபடி, ‘பில்டரக் கழுவு, பைப்பத் தூக்கு’ என்று அதிகாரம் மட்டும் குறையாது. நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வீடு. மத்தியானச் சோற்றைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் மூடி வைத்துவிட்டுப் போவேன்.

வந்து திறந்து பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கும். கேட்டால், ‘பசிக்கல’ என்பார். ஆள் மெலிந்துகொண்டே போனார். இடுப்பில் கைலி நிற்கவில்லை. குழம்பு சரியில்லையோ என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நான்கு மணிக்கு எழுந்து ஆக்கி வைத்ததை இரவில் சாக்கடையில் கொட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த ஆத்திரம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையும் சாப்பாட்டை நிறுத்தியது. தீனி போட்டால் மற்ற ஐந்தும் பாய்ந்து வரும். இது மட்டும் கல்லிடுக்கில் ஒதுங்கி நின்றுகொண்டு பார்க்கும். மூன்று நாள் ஆனது, ஐந்து நாள் ஆனது. இவர் பார்வை அதை விட்டு நகரவில்லை.

“மத்ததெல்லாம் சேந்து அடிச்சிருக்கு. இனி பொழைக்காது” என்றார் ஒரு நாள். சொல்லிவிட்டு அன்றைக்கு இரவுச் சோற்றையும் தள்ளி வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்களும் அந்த மீனும் சேந்து பட்டினி கெடந்து யார வதைக்கீங்க? எனக்கு ஒரு உசுருதான இருக்கு” என்று கத்திவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீனை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். இந்த மீன்களை வாங்கிய கடை அங்கேதான். எனக்கு மீன்மீது ஒன்றும் அப்படிப் பாசம் கிடையாது. அது செத்தால் இவரும் அப்படியே சாய்ந்துவிடுவார் என்று நினைத்தேன், அதனால் போனேன்.

கடைக்காரர் நாற்பது வயது ஆள். வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நோவுமில்ல ஒண்ணுமில்லக்கா. தாடையப் பாருங்க, எப்படி வீங்கித் தொங்குது. என்னத்தையோ மெல்லுத மாதிரி அசையுதுல்லா? வாய்க்குள்ள முட்டை வச்சிருக்கு. குஞ்சு வெளிய வார வரைக்கும், மூணு வாரமோ என்னமோ, எதையும் திங்காது. இது பொண்ணு.”

“புள்ளி இருக்கே” என்றேன்.

“பொண்ணுக்கும் புள்ளி வரும். புள்ளிய மட்டும் நம்பிப் பேரு வைக்கக் கூடாது.” பிறகு, நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மீனைத் திருப்பி அடிவயிற்றைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அங்கே இரண்டு துளை இருக்குமாம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஆண். வால் பக்கத்துத் துளை பெரிதாக இருந்தால் பெண். “ஆனா இப்பப் புடிச்சிராதீங்கக்கா. பயந்துச்சுன்னா முட்டையத் துப்பிரும்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் நம்பவில்லை.

“அவன் விக்கிறவன். அஞ்சு வருசமா வளக்கவன் நான். எனக்குத் தெரியாதா ஆம்பளையா பொம்பளையான்னு? எனக்குக் கையும் காலும்தான் போச்சு, கண்ணு போகல.”

பேசாமல் இருந்திருக்கலாம். குஞ்சு வெளியே வரும்போது அவரே கண்டுபிடித்திருப்பார். என் குணம் விடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த அலுப்பு வேறு. “கண்ணாலயே பாருங்க” என்று வலையை எடுத்துவிட்டேன். கடைக்காரர் சொன்னது காதில் இருக்கிறது, இருந்தும் எடுத்தேன்.

மீனைக் கல்லிடுக்கிலிருந்து விரட்டி வலைக்குள் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே தூக்கித் திருப்பினேன். துளையைப் பார்ப்பதற்குள் அது வாயைத் திறந்தது. கொத்தமல்லி விதை அளவில், மஞ்சளாக, முட்டைகள் ஒவ்வொன்றாக வலைக்குள் விழுந்தன. பதினைந்துக்குக் குறையாது. ஒரு தாய் வயிற்றைக் காயப்போட்டுக் காத்து வைத்திருந்ததை, வீம்புக்குக் கொட்ட வைத்துவிட்டேனே என்று இருந்தது. அழுகை வந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரல் பதறவே இல்லை.

“வலைய வெளிய எடுக்காத. மீனையும் முட்டையையும் அப்படியே தண்ணிக்குள்ள எறக்கு. வலையத் தொட்டி வெளிம்புல கிளிப்பு போட்டு மாட்டு. லைட்ட அமத்து. என் போர்வைய எடுத்து மேல போடு. போட்டுட்டு வந்து இப்படி உக்காரு.”

செய்தேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்து, ஒரு முட்டையை வாயில் எடுத்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இன்னொன்று. நான் போர்வையை மெதுவாக விட்டுவிட்டேன்.

“எடுக்குதா?”

“எடுக்குது.”

“அப்ப பொண்ணுதான்” என்றார்.

“எம்புட்டுப் பசியிருக்கும் அதுக்கு” என்றேன். “தீனி மூக்குக்கு முன்னால வந்து விழுது, எப்படித்தான் வாயக் கட்டிட்டு இருக்கோ.”

அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பசிக்கத்தான் செய்யும் ஏட்டி. எனக்கும் பசிக்கத்தான் செய்யுது.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“தின்னா கொல்லைக்குப் போகணும். நீ கம்பெனில இருக்க. பின்வாசல்ல ரெண்டு படி எறங்க என்னால ஆகாது. நீ வார வரைக்கும் அடக்க முடியாம ஒரு நாளு... அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லாம எல்லாத்தையும் கழுவுன. முகத்தக் கூடச் சுளிக்கல. எனக்குத்தான் தாங்கல. அதான் கொறைச்சுக்கிட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா வேலைய விடுவ. இல்ல, அழுவ.”

அழுதேன். அத்தனை மாசம் குழம்பில் உப்பையும் புளியையும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி. பசித்த மனுசனைப் பார்த்து யாரை வதைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவரைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன், பிறகு எழுந்து போய் உலை வைத்தேன். சுடுசோறும் ரசமும் அப்பளமும் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். இடது கையால் மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை போட்டபோது தட்டை மறைக்கவில்லை.

மறுநாள் விடிகாலை நான் அடுப்படியில் இருந்தேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

“ஏட்டி, செத்த வந்து கையக் குடு. கொல்லைக்குப் போகணும்.”

இத்தனை நாளும் நானாகக் கூட்டிப்போனால்தான் உண்டு; வாதம் வந்த நாளிலிருந்து அவராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினேன்.