என் சைக்கிளை மறித்த அக்கா

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்தில் சாத்தூர் பக்கம் நடந்தது இது. அங்கே ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். பழைய ஸ்கூட்டரில் போய்வருவேன். இளைப்போடு வரும் பிள்ளைகளுக்கு மாஸ்க் மாட்டிவிட்டு, புகை பக்கமே விடக்கூடாது என்று தாய்மார்களுக்குப் புத்தி சொல்வேன். சாயங்காலம் அதே வாசலில் என் வண்டி கருகருவென்று புகை கக்கும். ஒருநாள் ஒரு தாய், பிள்ளையின் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கூசிப்போனேன். அந்த வாரமே ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

மெயின் ரோட்டில் லோடு லாரிகள் மேலே உரசுகிற மாதிரி போகும். அதனால் ஓடையை ஒட்டிய வண்டிப்பாதையைப் பிடித்தேன். இருபுறமும் சீமைக்கருவேலம். பாதி வழியில் ஒரு தகரக் கொட்டகை, போர்டு கிடையாது. உள்ளே லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு வேலை நடக்கிறது என்று பார்த்தாலே தெரியும். யாரும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள்.

இரண்டாம் நாளே ஒரு பெண் கொட்டகை வாசலில் நின்று என்னைக் கவனிப்பதைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை அலுமினியப் பொடி அப்பி, கை வெள்ளியாக மின்னியது. நான் தாண்டியதும் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். மறுநாள் கூடவே ஓர் ஆள் நின்று, செல்போனில் என்னைப் போட்டோ எடுத்தார். தாலிச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் அந்தப் பெண்ணே கேட்டார். "தெனமும் எங்கன போறீக?"

"சும்மா, சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்று பொய் சொன்னேன். அவர் என் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். பைக்குள் சங்கிலி இருக்கும் என்று நினைக்கிறார், நகைக்குத்தான் குறி என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் ஒரு வீம்பு, பாதையை மாற்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. சைக்கிள் ஸ்டாண்டின் ஸ்பிரிங் அறுந்து, ஸ்டாண்ட் தரையில் கரகரவென்று இழுபட்டது. சுகாதார நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தேன். கொட்டகையைத் தாண்டி ஐம்பது அடி போயிருப்பேன். பின்னாலிருந்து அந்தப் பெண் கத்திக்கொண்டு ஓடிவந்தார். ஸ்டாண்ட் இரைச்சலில் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. நான் இன்னும் வேகமாக மிதித்தேன். அவர் கேரியரை எட்டிப் பிடித்து, சைக்கிளின் பின்பக்கத்தை அப்படியே தூக்கிவிட்டார். நான் கீழே குதித்து அலறினேன். டிபன் பையால் அவர் தோளில் இரண்டு அடியும் அடித்தேன். பிடியை விடவில்லை. சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். காலில் செருப்புகூட இல்லை.

கொட்டகைக்கு இந்தப் பக்கம் மண்தரையில் இறக்கிவைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அங்கன பாருங்க. எவனோ பட்டாசுக் கழிவு மருந்தக் கொட்டிட்டுப் போயிருக்கான். இரும்பு கல்லுல உரசி ஒரு பொறி விழுந்தா நீங்க இருப்பீகளா?"

பாதை நெடுக, சரளைக் கற்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பொடி கிடந்தது. சாம்பல் என்று நினைத்து அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தேன். என் முன்சக்கரத்துக்கும் அதற்கும் பத்தடிகூட இருந்திருக்காது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க நகைக்காகத்தான் என்னைப் பாக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "நாங்க உங்கள ஆபீசருக்குத் துப்புக் கொடுக்கிற ஆளுன்னுல்ல நெனச்சோம். வண்டின்னா சத்தம் கேக்கும். நீங்க பூனை கணக்கா வாறீக, போறீக. கேட்டாலும் ஒழுங்காப் பதில் இல்ல."

நர்ஸ் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பையைத் திறந்து வெள்ளைக் கோட்டைக் காட்டிய பிறகுதான் முகம் இளகியது.

"தீயணைப்புக்கு நீங்களே போன் போடுங்க. நாங்க போட்டா எங்களயில்ல பிடிப்பாக" என்றார். போட்டேன். வண்டி வரும்வரை நான் பாதையின் இந்தப் பக்கம் நின்றேன். அவர் ஓடைக்குள் இறங்கிச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஆட்களை மறித்தார். சிவப்பு வண்டி தெரிந்ததும் காணாமல் போய்விட்டார். அடுத்த வாரம் கொட்டகை பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அடித்ததற்கு ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை நான்.

இப்போதும் சைக்கிளில்தான் போகிறேன். தன் பிழைப்பில் மண் போட வந்தவள் என்று நம்பிக்கொண்டே, ஒரு பொறி பட்டால் தானும் கருகிவிடுவோம் என்று தெரிந்தே அந்த அக்கா எனக்காக ஓடிவந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஓடியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், இதுவரை ஆமாம் என்று சொல்லத் துணிவு வரவில்லை.