கூஜாத் தண்ணீர்

மயக்கம் தெளிந்ததும் எனக்கு வலிக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது. அடிக்கடி வயிற்றுவலி வரும். டாக்டர் சும்மா அமுக்கிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார் என்று பொய் சொல்லித்தான் அப்பா என்னை ஜட்கா வண்டியில் ஏற்றி மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே மூக்கின் மேல் துணி போர்த்திய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, கன்னடத்தில் எண்ணச் சொன்னார்கள். ஒந்து, எரடு, மூரு. அதற்குமேல் ஞாபகமில்லை.

விழித்தால் வயிற்றைச் சுற்றி இறுக்கிய கட்டு. மூச்செல்லாம் ஈதர் நாற்றம். குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டார்களாம். கேட்காமல் அதை எடுத்தவர்கள் வேறு எதை எடுத்தார்களோ என்று நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தேன். நாக்கு காய்ந்து ஒட்டியது.

ஜன்னல் மேடையில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கூஜா இருந்தது. மேடையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா அதைத் தூக்கி நகர்த்திவைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தீர்த்தம்" என்றேன். எங்கள் வீட்டில் தண்ணீரை அப்படித்தான் சொல்வோம்.

"இப்போ கூடாதுடீ கொழந்தே. சித்த நாழி போகட்டும்" என்று ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மாவின் ஆசாரம் அப்படி. வேறு ஜாதியார் கை பட்டால் குடம் தண்ணீரையும் முற்றத்தில் கொட்டிவிட்டு மறுபடி இறைப்பாள். கேவலமான வழக்கம். அன்றும் எனக்குப் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

"ஆயா தொட்டுட்டாள்னுதானே குடுக்கமாட்டேங்கறே?"

அம்மா திகைத்துப்போனாள். "ஐயோ, இல்லடீ! குடிச்சா வாந்தி வரும், தையல் பிரிஞ்சுடும்."

நான் நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தேன். காபி கிளப்பில் யார் பக்கத்திலும் உட்கார்ந்து குடிக்கிறவர், ஆசாரத்தைக் கேலி செய்கிறவர். அவரும், "பொறுத்துக்கோ அம்மாடி" என்றார். இவரையும் மடக்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

நர்ஸிடம் கெஞ்சினேன். "ஈக நீரு பேடா, மரீ. சாயங்கால கொடுத்தீனி" என்று, தண்ணீர் சாயங்காலம்தான் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். பிறகு வாசலில் நின்று அம்மாவோடு குசுகுசுவென்று பேசினாள். அவளும் கூட்டு.

அம்மா மறுபடி பஞ்சை நீட்டியபோது பிடுங்கி உறிஞ்சினேன். உறிஞ்சியதும் பச்சையாக வாந்தி வந்தது. வயிறு கிழிந்ததுபோல் வலித்தது. அம்மா அழுதாள். நன்றாக அழட்டும் என்றிருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் டாக்டர் வந்து, ஒரு வாய் மட்டும் தரலாம் என்றார். அம்மா அந்தக் கூஜாவிலிருந்தே டம்ளர் நிறைய ஊற்றி, என் தலையைத் தூக்கிப் பிடித்தாள். விளிம்பைக் கடித்துக்கொண்டு குடித்தேன். ஒரு வாய் உள்ளே போனதும் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"காத்தாலேர்ந்து நீயும் ஒரு சொட்டு குடிக்கலே. இனிமேலாவது குடியேன்" என்றார் அப்பா.

அம்மா வேறு டம்ளர் தேடவில்லை. ஆயா தொட்ட தண்ணீரை, என் எச்சில் டம்ளரிலேயே வாய் வைத்து, நின்றபடி மடமடவென்று குடித்து முடித்தாள்.

எனக்கு ஒரு வாய், அவளுக்கு முழு டம்ளர். எட்டு வயதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்வரை அவளோடு நான் பேசவில்லை.